ஆற்றை விட்டுத் தள்ளி எழுந்த ஊர்: பழைய தேசப்படங்களில் கிளிநொச்சி

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில் வழி கேட்டால் அடிக்கடி எண்தான் பதிலாக வரும். '155ஆம் கட்டையில இறங்குங்கோ' என்பார்கள். உருத்திரபுரத்தில் எந்தப் பக்கம் என்றால் '10ஆம் வாய்க்கால்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கோயிலடி, மரத்தடி, ஒழுங்கை, சந்தி என்றுதான் இடம் சொல்வது வழக்கம். ஆட்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஊர் அப்படித்தான் பேசும். இடங்களுக்கு எண்ணால் பேர் விழுந்திருக்கிறது என்றால், ஆட்கள் வருவதற்கு முன்னமே யாரோ அந்த நிலத்தைக் காகிதத்தில் அளந்து கோடு போட்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டு எண்ணும் ஒரே கையிலிருந்து வந்தவையும் அல்ல. 155 என்பது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வீதியின் மைல் கணக்கு. 10 என்பது கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் தண்ணீரைப் பங்கிடும் வாய்க்காலின் கணக்கு. ஒன்று வீதி போட்டவர்களின் படம், மற்றது தண்ணீர் பங்கிட்டவர்களின் படம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில்தான் நகரம் இருக்கிறது. இவ்வளவுக்கும் காரணமான கனகராயன் ஆறு நகரத்து விலாசங்களில் வருவதை நான் கண்டதே இல்லை.

ஆற்றங்கரை நகரம் ஒன்றின் பிறப்பைப் பழைய படங்களில் தேடுகிறவர்களுக்குப் பழகிய வழி ஒன்று இருக்கிறது. ஆற்றைப் பிடி, அதில் துறையைத் தேடு, துறைக்குப் பக்கத்தில் கோயிலும் சந்தையும் இருக்கும், அங்கிருந்து தெருக்கள் வெளியே விரியும். வைகைக் கரையில் மதுரையை இப்படிப் பிடிக்கலாம். கிளிநொச்சியில் இந்த வழி பலிக்காது. இங்கே ஆறு நகரத்துக்குச் சில கிலோமீற்றர் கிழக்கே, தன் பாட்டில் போகிறது. ஊர் நிற்பது வீதியோரத்தில். ஆனால் அந்த ஆறு இல்லாமல் இந்த ஊர் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கப் படங்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஆறு. ஓமந்தைப் பக்கம் சேமமடு அருகே தொடங்கி, வடக்கு நோக்கிச் சுமார் 86 கிலோமீற்றர் ஓடி, ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் பக்கத்துக் கடனீரேரியில் (கடலோடு தொடர்புள்ள உவர்நீர்ப் பரப்பில்) விழுகிறது. மாரியில் மட்டும் ஆறு, கோடையில் மணலும் மடுவும். வற்றாத ஆற்றங்கரையில் வாழ்ந்த எழுத்தாளர்களும் படக்காரர்களும் இதை ஆறென்று எண்ணியிருப்பார்களா என்பதே சந்தேகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொலமி, இலங்கையின் வடக்கே பாசிஸ் என்று ஓர் ஆற்றைக் குறித்தார். அது கனகராயன் ஆறுதான் என்று சொல்பவர்கள் உண்டு. பெருமைக்கு நல்லது. ஆனால் தீவின் அளவையே பல மடங்கு பெருப்பித்துப் போட்ட படத்தை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் வன்னியின் ஆறு ஒன்றின் இடத்தை நிச்சயிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒல்லாந்தர் காலத்துக்கு வந்தால் கொஞ்சம் நிலம் தட்டுப்படும். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயசின் நூலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் படம் இருக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்று பகுதிகள் பிரிந்து கிடக்கும். பொதுவாக அந்தக் காலப் படங்களில் குடாநாடு எழுத்துகளால் நெருங்கிக் கிடக்க, கடனீரேரிக்குத் தெற்கே வந்ததும் மை வற்றிவிடும். மரங்கள் சில, வன்னி என்று பெரிய எழுத்தில் ஒரு பேர், அங்கங்கே பனங்காமம் போல ஒரு வன்னிமையின், அதாவது வன்னியர் தலைவன் ஒருவன் ஆண்ட பகுதியின், பேர்.

இந்த வெறுமையை வாசிக்கத்தான் பழக வேண்டும். படத்தில் வெற்றிடம் என்றால் ஆளில்லாத காடு என்று அர்த்தமில்லை; படம் போட்டவனுக்கு அங்கே வரி வாங்க ஆளில்லை என்றுதான் அர்த்தம். பனங்காமம், கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, தென்னமரவடி எல்லாம் வன்னியர்களின் கையில் இருந்த பற்றுகள். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் அவர்கள் கட்ட வேண்டிய திறை பெரும்பாலும் யானை. யானை வேண்டியவனுக்கு வன்னியின் வயலும் குளமும் எதற்கு? யானை கடக்கும் இடம் மட்டும் போதும். அதனால்தான் ஆனையிறவு, பெஸ்குட்டர், பைல் என்று கடனீரேரிக் கரையில் வரிசையாக நின்ற காவல் கோட்டைகள் படங்களில் துல்லியமாக விழுந்திருக்கின்றன; அவற்றுக்குத் தெற்கே ஒரு நாள் நடையில் இருந்த குளங்கள் விழவில்லை. ஒல்லாந்தர் வன்னியை நேரடியாகப் பிடித்து ஆண்டது 1780களில்தான். அதை நிருவகித்த தோமஸ் நாகல் 1793இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதற்குள் ஒல்லாந்தரின் காலமே முடியப் போகிறது.

அப்புறம் பிரிட்டிஷார். 1800இல் நில அளவைத் திணைக்களம் தொடங்குகிறது. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அதே ஆண்டு ஒக்டோபரில் கற்சிலைமடுவில் தோற்றதும், படைகள் நடந்த தடங்கள் அவர்களுக்கு முக்கியமாயின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த தீவுப் படங்களில் வன்னிக்குள் நீளமாக ஒரு கோடு கவனத்தை இழுக்கும்: கண்டியிலிருந்து வடக்கே ஏறும் வீதி. இன்றைய ஏ-9.

இந்தக் கோடு ஏன் அங்கே விழுந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று அது ஆறு போகும் அதே திசையில், அதற்குத் துணைபோல வடக்கே ஏறுகிறது. இரணைமடுவுக்கு வரும்போது மேற்கே ஒதுங்கி நிற்கிறது. வீதி போடுகிறவனுக்கு மாரி வெள்ளம் எதிரி. ஆற்றோடு சேர்ந்து போனால் ஒவ்வொரு மாரிக்கும் வீதி அறும். தள்ளிப் போனால் மேட்டு நிலம் கிடைக்கும். பின்னால் நகரம் எங்கே வரும் என்பதை இந்த ஒதுக்கம்தான் தீர்மானித்தது என்பது என் வாசிப்பு. 155ஆம் கட்டை என்ற பேரும் அந்த வீதியோடு வந்ததுதான். கட்டை என்றால் மைல்கல். இப்போது வீதியில் கிலோமீற்றர் கல்தான் நிற்கிறது, ஆனாலும் யாரும் அந்த இடத்தை 249ஆம் கல் என்று சொல்வதில்லை.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த படம். 1897இல் தொடங்கி 1924இல் முடிந்த ஒரங்குலத் தொடர். ஒரு மைல் நிலம் ஓர் அங்குலம். முழு இலங்கைக்கும் 72 தாள். பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்தவர்களுக்கு இடவிளக்கப்படம் என்றால் தெரியும், இப்போதைய 1:50,000 தாள்களுக்கு இதுதான் தாய். இதில் சின்னக் குளம், வண்டிப் பாதை, வயல், காடு எல்லாம் வரும். கைவிடப்பட்ட குளங்களையும் குளமென்று குறித்துப் பக்கத்தில் ஒரு சுருக்கம் போட்டிருப்பார்கள். வன்னித் தாள்களில் அந்தச் சுருக்கத்தை எண்ணத் தொடங்கினால் கை ஓய்ந்துவிடும். காட்டுக்கு நடுவே உடைந்த அணைக்கட்டு ஒவ்வொன்றும், ஒரு காலத்தில் அதற்குக் கீழே வயலும் ஊரும் இருந்ததைச் சொல்கிறது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தாள்களைப் பார்த்தால், வன்னி ஒருபோதும் வெறுங்காடாக இருந்ததில்லை, ஆட்கள் விட்டுப் போன நாடாக இருந்தது என்பது விளங்கும்.

இதை வாசிக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, தாளின் ஓரத்தில் இருக்கும் ஆண்டுகள். அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு, திருத்திய ஆண்டு இன்னொன்று. இரணைமடுக் கட்டுவேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. ஒரங்குல அளவையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் நடந்தது. ஆகவே குளம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு மட்டும் முடிவுக்கு வரக்கூடாது, எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, சமவுயரக்கோடு, அதாவது ஒரே உயரத்து இடங்களைச் சேர்க்கும் கோடு. ஒரங்குலப் படத்தில் கோடுகளுக்கு இடைவெளி 100 அடி. இரணைமடுவுக்கு வடக்கே கடனீரேரி வரை நிலம் முழுக்க 100 அடிக்குக் கீழே. அதனால் தாள் சப்பையாக, ஒரு கோடும் இல்லாமல் கிடக்கும். ஆனால் வன்னியில் நாலடி உயரம்தான் வயலையும் வீட்டையும் பிரிக்கிறது. அந்த நாலடியைப் படம் சொல்லாது. ஊர்ப் பேர்தான் சொல்லும்.

பேர்களுக்கு வருவோம். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை. இரணைமடு: இரட்டை மடு. குளம் கட்டுவதற்கு முன்பு அந்த இடம் எப்படிக் கிடந்தது என்பதை ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. ஆங்கிலப் படத்தில் இது இரானமடு என்று வாசிக்கிற மாதிரி எழுத்தாகியதும் இரட்டை காணாமல் போய்விட்டது. அந்தப் படத்தைப் பார்த்துத் தமிழில் திருப்பி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இரணமடு என்று எழுதுகிறார்கள். முரசுமோட்டையில் மோட்டை இருக்கிறது, அதாவது மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் சிறு நீர்நிலை. கரடிப்போக்கு, கரடி போன தடம். பரந்தன், பேரிலேயே வெளி விரிந்து கிடக்கிறது. கிளிநொச்சியில் நொச்சி நிற்கிறது; நொச்சி நீரோட்டத்துக்குப் பக்கத்தில் வளரும் செடி. இந்தப் பேர்களை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் அவற்றின் இடங்களில் எழுதினால், நகரத்துக்கு முந்திய நிலத்தின் படம் தானாக வந்துவிடும்: பள்ளங்கள் கிழக்கே, விலங்குத் தடம் மேற்கே, வடக்கே வெட்டவெளி. அதற்கு மேலே பிற்காலப் பேர்களைப் போடுங்கள். கனகபுரம், இரத்தினபுரம், ஆனந்தபுரம், திருநகர், ஜெயந்திநகர். எல்லாம் புரமும் நகரும். இவை ஆட்களைக் குடியேற்றிய பிறகு வைத்த பேர்கள். ஒரு பேர் மடுவில் முடிகிறதா நகரில் முடிகிறதா என்பதே அதன் வயதைப் பாதி சொல்லிவிடும். கோயில் பழமைக்குப் பேர்போன உருத்திரபுரம் போல விதிவிலக்கும் உண்டு, அதனால் முழுக்க நம்பியும் விடாதீர்கள்.

இரணைமடுவுக்கு 1885இல் திட்டம் வரைந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர். (சிங்களக் கிராமங்களின் நாட்டார் கதைகளைத் தொகுத்தவரும் இவர்தான். குளத்தங்கரையில் முகாம் போட்டுக் கிடக்கிறவனுக்குக் கதை கேட்க நேரம் இருந்திருக்கும்.) பொறியியலாளரின் படம் மற்றப் படங்களைப் போல இருப்பதை வரைவதில்லை. வரப்போவதை வரைகிறது. ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை, அணையின் இரு முனையில் துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), இடது கரை வாய்க்கால், வலது கரை வாய்க்கால். இந்தக் கோடுகள் விழுந்த கணத்திலேயே ஆறு இரண்டாகக் கிழிந்துவிட்டது. தண்ணீர் இனிப் பள்ளத்தில் ஓடாது. பள்ளத்துக்கு இரு பக்கமும் உள்ள மேட்டு விளிம்பால், மனிதர் வெட்டிய வழியில், மெல்லப் போகும். வலது கரையில் வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கம். இடது கரையில் கிளிநொச்சி, உருத்திரபுரம் பக்கம். பழைய ஆற்றுப்படுகைக்கு மிஞ்சியது குளம் நிறைந்து வான் பாயும்போது வழிந்து வரும் வெள்ளம் மட்டும்.

இரு கரையிலும் தண்ணீர் வந்தபோது நகரம் ஏன் இடது கரையில் வந்தது? படத்தை அடுக்கினால் விடை தானாக விழும். வீதி ஏற்கெனவே இடது பக்கத்தில் இருந்தது. வடபகுதி ரயில் பாதை 1905இல் முழுதாகத் திறந்தபோது அதுவும் வீதியோடு ஒட்டியே வந்தது. பிறகு இடது கரை வாய்க்கால் வந்து சேர்ந்தது. மூன்று கோடுகளும் நெருங்கும் இடம் ஒன்றுதான். கடைக்காரன் கடை போடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஆனால் கோடுகள் கூடியதும் ஊர் முளைத்துவிடவில்லை. குளம் முடிந்து ஏறக்குறைய 16 ஆண்டுக்குப் பிறகு, 1936இல்தான், யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கக் குடியேற்றத் திட்டமாகக் கிளிநொச்சி தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு வந்த காணி அபிவிருத்திச் சட்டம்தான் இன்றும் எங்கள் வாயில் பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த காணி, என்று புழங்குகிறது. இடையில் நின்ற தடை எந்தப் படத்திலும் இல்லை: நுளம்பு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் தீவையே ஆட்டியது. 1940களின் நடுவில் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் வன்னிக் குடியேற்றங்கள் நிலைத்தன. படத்தில் காணாத காரணத்தை வேறு எங்கேயாவது தேடிக் கொண்டுவந்து படத்தின் மேல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடுகளே எல்லாவற்றையும் செய்தன என்று நம்பிவிடுவோம்.

எங்கள் வீட்டில் ஒரு பெர்மிட் இருந்தது. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்தது. அதோடு ஒட்டிய துண்டுப் படத்தில் நாலு கோடு, ஒரு துண்டு எண், ஒரு பக்கம் வாய்க்கால் ரிசர்வேசன் (வாய்க்காலுக்கு ஒதுக்கிய நிலம்), மறுபக்கம் பாதை. வயல் வாய்க்காலுக்குக் கீழே, மேட்டுக்காணி மேலே. சின்ன வயதில் அதை நான் படமென்றே எண்ணவில்லை, பெட்டி போட்ட கடதாசி என்றுதான் நினைத்தேன். பிறகு 1956இல் கனடாக்காரர் எடுத்த விமான ஒளிப்படங்களைப் பற்றி அறிந்தபோதுதான் அந்தப் பெட்டிகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது பிடிபட்டது. கொழும்புத் திட்டத்தின் கீழ் தீவு முழுவதையும் மேலிருந்து படம் பிடித்தார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பழைய வன்னி ஊர் வட்டமாக, ஒரு குளத்துக்குக் கீழே கைப்பிடி அளவு வயலோடு இருக்கும். குடியேற்ற ஊர் சீப்பு மாதிரி, வாய்க்காலைத் தண்டாகவும் காணிகளைப் பல்லாகவும் கொண்டு நீளும். பிறந்த ஊரையும் வகுத்த ஊரையும் பிரித்தறிய வேறு ஆதாரமே வேண்டாம். தெருவுக்குப் பதில் வாய்க்காலை எண்ணிப் பேர் சொல்லும் பழக்கமும் இந்தச் சீப்பிலிருந்துதான் வந்தது.

1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை வந்தது, ஆனையிறவு உப்பை நம்பி. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் காட்டோரங்களில் குடியேறின. இவர்களில் பலருக்குப் பெர்மிட் இல்லை, ஆகவே காணிப் படத்தில் இவர்கள் இல்லை. வரைபடத்தை வைத்து நகர வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இப்படிப்பட்டவர்களைத்தான். 1984 பெப்ரவரியில் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது; கச்சேரியும், அதாவது மாவட்டச் செயலகமும், வந்தது. 1990இல் ரயில் நின்றது, 2013இல்தான் திரும்பி வந்தது. இடையில் போரில் ஊர் கைமாறிக் கைமாறி, 2009 ஜனவரியில் ஆளில்லாத ஊராகப் பிடிபட்டது. போருக்குப் பிறகு ஆட்களின் கைக்கு முதலில் வந்த படம் கண்ணிவெடிப் படம். சிவப்பில் அடைத்த இடத்துக்குப் போகக்கூடாது. வெள்ளையான இடத்துக்குப் போகலாம். யார் எந்த மாதம் தன் வீட்டுக்குத் திரும்பினார் என்பதை அந்தச் சிவப்புத்தான் தீர்மானித்தது.

இவ்வளவு காலமும் ஆறு எங்கே? குளத்துக்குள் அடங்கிக் கிடந்தது. அணை கட்டிய பிறகு பல தடவை உயர்த்தினார்கள். எங்கள் தலைமுறைக்கு இரணைமடு என்றால் 34 அடித் தண்ணீர். அண்மைய புனரமைப்புக்குப் பிறகு 36. மாரி தொடங்கினால் ஊரில் எல்லாருக்கும் குளத்தின் அடிக்கணக்கு வாயில் இருக்கும்.

2018 டிசெம்பரில், புனரமைப்பு முடிந்த கையோடு, ஒரே இரவில் கொட்டிய மழையில் வான் கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளைப் பிரிவு மோசமாக அடிபட்டது. முரசுமோட்டை, பரந்தன் பக்கம் எல்லாம் தண்ணீர். யார் எப்போது கதவைத் திறந்தார்கள் என்று பெரிய வாக்குவாதம் நடந்தது, விசாரணையும் வந்தது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. வெள்ளம் நின்ற ஊர்களின் பட்டியலை எடுத்துப் பழைய ஒரங்குலப் படத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் பெரும்பாலும் அணைக்குக் கீழே கடனீரேரி வரை ஆறு பிரிந்து பிரிந்து போகும் நீல இழைகளைச் சுற்றித்தான் விழும். வாய்க்கால் படத்தில் அந்த இழைகள் மங்கிவிட்டன, பெர்மிட் படத்தில் அறவே இல்லை. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் நாங்கள் சேவையரை, அதாவது நில அளவையாளரைக் கூப்பிடுகிறோம், அவர் எல்லைக்கல்லைக் காட்டிவிட்டுப் போகிறார். மோட்டை எந்தப் பக்கம் கிடந்தது என்று கேட்க இன்னும் சில கிழவர்கள் முரசுமோட்டையில் இருக்கிறார்கள்.